பெயரில் ஓர் எழுத்து பிசகினால்: அலுவலக மின்னஞ்சல் எங்கே போய்ச் சேர்கிறது?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் வருடத்துக்கு இரண்டு மூன்று மாதங்கள்தான் உயிர்த்துடிப்பான காலம். மே மாதம் பிறந்துவிட்டால் டிராக்டரிலும் மினி லாரியிலும் பெங்களூரா காய் வந்து குவியும். இரவு பகல் பாராமல் கூழ் எடுத்து, கிருமி நீக்கிய ‘அசெப்டிக்’ பையில் நிரப்பி, இரும்பு டிரம்மில் வைத்துக் கப்பலுக்கு அனுப்புவார்கள். அப்படி ஒரு பருவத்தில், ஓர் ஆலையின் அலுவலகத்தில் நடந்தது இது. வளைகுடா நாட்டு வாடிக்கையாளர் ஒருவர், டிரம்மில் ஒட்டும் லேபிளில் ஓர் அரபி வரியை மாற்றச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஏற்றுமதிப் பிரிவில் இருந்த பெண்ணின் பெயர் கீதா என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை ‘ஹெச்’ சேர்த்தும் எழுதலாம், சேர்க்காமலும் எழுதலாம். அவருடைய முகவரியில் ‘ஹெச்’ உண்டு. வாடிக்கையாளர் அதை விட்டுவிட்டார்.

மின்னஞ்சல் திரும்பி வராததால், அது சேர்ந்துவிட்டதாகவே அவர் நம்பினார். இங்கே ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. பழைய லேபிளோடு டிரம்கள் கன்டெய்னரில் ஏறிய பிறகு, “மூன்று வாரத்துக்கு முன்பே எழுதியிருந்தேனே” என்று போன் வந்தது. அந்த அலுவலகத்தின் கணினி வேலைகளை அப்போது பகுதி நேரமாகக் கவனித்து வந்தவன் நான். தேடத் தொடங்கிய பத்து நிமிடத்தில் கடிதம் கிடைத்துவிட்டது. பெயர் தெரியாமல் வரும் கடிதங்களெல்லாம் போய் விழும் பொது இன்பாக்ஸ் ஒன்றை யாரோ எப்போதோ அமைத்திருந்தார்கள். அதில் கடன் விளம்பரங்களுக்கும் லாட்டரிப் பரிசு அறிவிப்புகளுக்கும் நடுவே, திறக்கப்படாமல், அந்த லேபிள் கடிதம் கிடந்தது.

ஓர் எழுத்தை விட்டுவிடுவது யாருக்கும் நேரக்கூடியதுதான். விட்டுவிட்டார் என்பதை அவருக்குத் தெரியவிடாமல் செய்தது, மின்னஞ்சலை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் கணினியான எங்கள் சர்வர். அந்த அமைப்பைச் சரிபார்க்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுவே.

தபால்காரர் வேலை செய்யும் விதத்தை நினைத்துப் பார்த்தால் சிக்கல் எளிதில் புரியும். 2004 பிப்ரவரி 9 அன்று தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதன் பிறகும் பழைய பழக்கத்தில் ‘தர்மபுரி மாவட்டம்’ என்று எழுதிய கடிதங்கள் ஓசூருக்கும் ஊத்தங்கரைக்கும் சரியாகவே வந்து சேர்ந்தன. 1972இல் வந்த பின்கோடு ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஊருக்குள் வந்துவிட்டால் மீதியைத் தபால்காரர் பார்த்துக்கொள்வார். விலாசத்தில் முருகேசன் என்றிருந்தாலும் முருகேஷ் என்றிருந்தாலும், மளிகைக் கடைக்காரரா, ஓய்வுபெற்ற வாத்தியாரா என்று அவருக்குத் தெரியும். ஆள் இல்லை என்றால் உறை மேல் எழுதித் திருப்பி அனுப்புவார். அனுப்பியவர் விலாசமும் இல்லாவிட்டால், கடிதம் ‘திரும்பிய கடித அலுவலக’த்துக்குப் போகும். உறையைப் பிரித்து விலாசம் தேடும் அதிகாரம் அங்கே உள்ளவர்களுக்கு மட்டும்தான் உண்டு.

மின்னஞ்சல் சர்வருக்கு ஊர் தெரியாது, ஆள் தெரியாது. முகவரியில் ‘அட்’ குறிக்கு வலப்பக்கம் இருப்பது டொமைன், அதாவது நிறுவனத்தின் இணையப் பெயர். இடப்பக்கம் இருப்பது ஆளின் பெயர். 1971இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து அடிப்படை இதுதான். அனுப்புபவரின் சர்வர் முதலில் வலப்பக்கத்தை மட்டும் படித்து, அந்த டொமைனுக்கு அஞ்சல் வாங்கும் சர்வர் எது என்று இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் கேட்கிறது. விடை கிடைத்ததும் அந்தச் சர்வரின் கதவைத் தட்டுகிறது.

அந்தக் கதவடியில் நடக்கும் உரையாடலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சர்வர்கள் மின்னஞ்சலைக் கைமாற்றும் விதிகளான எஸ்எம்டிபி என்ற நெறிமுறை, 1982இல் கணினி அறிஞர் ஜான் போஸ்டல் எழுதிய வடிவில் நிலைபெற்றது. 2008இல் திருத்தி வெளியிட்டார்கள். வந்த சர்வர் முதலில் வணக்கம் சொல்கிறது. பிறகு அனுப்புபவர் யார் என்று சொல்கிறது. அடுத்து, பெறுபவர் யார் என்று சொல்கிறது. கடிதத்தின் உள்ளடக்கம் இன்னும் கைமாறவில்லை. இந்த இடத்தில் வாங்கும் சர்வர் முக்கியமாக இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். 250 என்றால் ‘சரி, கொடு’. 550 என்றால் ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’. 550 என்று சொல்லிவிட்டால், அனுப்பியவருக்கு அதைத் தெரிவிக்கும் பொறுப்பு அவருடைய சர்வரிடமே இருக்கிறது. சில நொடிகளில் அவருடைய இன்பாக்ஸில் ‘சேர்க்க முடியவில்லை’ என்ற தகவல் வந்து நிற்கும். 250 சொல்லி உள்ளடக்கத்தையும் வாங்கிக்கொண்டால், உரியவரிடம் சேர்ப்பது அல்லது சேர்க்க முடியவில்லை என்று அறிவிப்பது வாங்கியவரின் கடமையாகிவிடுகிறது. நெறிமுறை இதைத் தெளிவாகவே சொல்கிறது.

எங்கள் பொது இன்பாக்ஸ், அதாவது தொழிலில் இருப்பவர்கள் ‘கேட்ச்-ஆல்’ என்று சொல்லும் அமைப்பு, எந்தப் பெயர் வந்தாலும் 250 சொல்லிக்கொண்டிருந்தது. கடமையை ஏற்றுக்கொண்டுவிட்டு நிறைவேற்றாமல் இருந்தது.

இப்படி அமைப்பவர்களின் மனநிலை எனக்குப் புரிகிறது. ஓசூர் சிப்காட்டில் இருபது முப்பது பேரை வைத்து உதிரிபாகம் செய்யும் முதலாளிக்கு, பெரிய நிறுவனத்திடமிருந்து விலைக்கோரல் ஒன்று வந்து எழுத்துப் பிழையால் திரும்பிப் போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டால் எதுவும் தவறாது என்று அவர் நினைக்கிறார். நடைமுறையில் வேறு விதமாகிறது. குப்பை அஞ்சல் அனுப்புகிறவர்கள் ஒரு டொமைனைப் பிடித்துக்கொண்டு, அகராதியைப் புரட்டுவது போல ஆயிரக்கணக்கான பெயர்களை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பார்கள். 550 சொல்லும் சர்வரில் அவை வாசலோடு போய்விடும். கேட்ச்-ஆல் வைத்திருந்தால் அத்தனையும் உள்ளே வரும். முதல் வாரம் அந்த இன்பாக்ஸைத் தினமும் திறந்து பார்ப்பார்கள், அடுத்த மாதம் வாரம் ஒருமுறை, அதற்கடுத்து கடவுச்சொல்லே மறந்துவிடும். விலைக்கோரல் அதற்குள்தான் கிடக்கும்.

இதைவிட மோசமான அமைப்பும் உண்டு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஆள் இல்லை என்று பிற்பாடு கண்டுபிடித்து, தனியாக ஒரு மறுப்புக் கடிதம் எழுதி அனுப்புவது. கேட்க ஒழுங்கான முறை போலத் தோன்றும். ஆனால் குப்பை அஞ்சலில் அனுப்பியவர் முகவரி பெரும்பாலும் போலி. மறுப்பெல்லாம் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் இன்பாக்ஸில் போய்க் குவியும். அந்த நபருக்கு நம் நிறுவனமே தொல்லை கொடுப்பதாகத் தெரியும். நாளடைவில் நம் சர்வர் தடைப்பட்டியலில் ஏறி, நாம் அனுப்பும் உண்மையான இன்வாய்ஸ்கூட வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குப் போகும். எனவே மறுப்பதாக இருந்தால் வாசலிலேயே, உரையாடல் முடிவதற்குள் மறுத்துவிட வேண்டும்.

அந்தப் பழைய 1982 நெறிமுறையில் 551 என்றொரு பதிலும் இருந்தது. ‘அவர் இங்கே இல்லை, இந்த முகவரியில் முயன்று பாருங்கள்’ என்று பொருள். பெயரைச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ள ஒரு தனிக் கட்டளையும் இருந்தது. ஒருவரை ஒருவர் நம்பிய சிறிய உலகத்துக்காக எழுதப்பட்டவை அவை. முகவரி திருடுகிறவர்கள் பெருகியதும், அந்தக் கட்டளையைப் பெரும்பாலான நிர்வாகிகள் அடைத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். வழிகேட்டு வந்தவருக்கு வழிசொல்லும் மரியாதை அதில் இருந்தது.

நம் ஊர்ப் பெயர்களுக்கு இந்தச் சிக்கல் மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடுதல். சக்திவேலை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். லட்சுமிக்கு ‘எக்ஸ்’ போடுகிறவர்கள் உண்டு, ‘கே’யும் ‘எஸ்’ஸும் ‘ஹெச்’சும் போடுகிறவர்கள் உண்டு. எழிலரசியின் ‘ழ’வுக்கு ஒருவர் ‘இசட்’டும் ‘ஹெச்’சும் சேர்த்து எழுதுவார், இன்னொருவர் வெறும் ‘எல்’ போட்டுவிடுவார். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் ஆணையை வெளியிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. ஊர்ப் பெயருக்கே ஒரு முடிவு எட்டாதபோது ஆள் பெயருக்கு எங்கே எட்டும்? இதன் மேல் முன்னெழுத்து வேறு. அப்பாவின் பெயரின் முதல் எழுத்தை நாம் முன்னால் போடுவோம். ஓசூரில் இருக்கும் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கணினி அதைக் குடும்பப் பெயராக நினைத்துப் பின்னால் தள்ளும். ஒரே அலுவலகத்தில் கே. செல்வராஜும் எம். செல்வராஜும் இருந்து, முன்னெழுத்தைப் போட மறந்தால் எவருக்குப் போகும் என்பது முதலில் வேலைக்குச் சேர்ந்தவர் யார் என்பதைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது.

போனில் முகவரி சொல்லும் காட்சியை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். “எஸ் ஃபார் சேலம், டி ஃபார் தர்மபுரி” என்று ஒருவர் உரக்கச் சொல்வார். மறுமுனையில் கேட்பவர் ‘தர்மபுரி’க்கு ‘டி’யா ‘டி-ஹெச்’சா என்று ஒரு கணம் தடுமாறி, இரண்டில் ஒன்றை எழுதிக்கொள்வார். பிழை அங்கேயே பிறந்துவிடும். பிறகு அந்த முகவரி அவருடைய கணினியின் நினைவில் பதிந்து, ஒவ்வொரு முறையும் தானாக வந்து நிற்கும்.

இதற்கு ஆரவாரமில்லாத மருந்து ஒன்று இருக்கிறது. ஒருவரின் இன்பாக்ஸ் ஒன்றாகவே இருக்க, அதற்கு மாற்றுப் பெயர்கள் பலவற்றை வைக்கலாம். ‘ஹெச்’ சேர்த்த கீதாவும் சேர்க்காத கீதாவும் ஒரே இடத்துக்கு வரும்படி செய்வது சில நிமிட வேலை. மறுத்த முகவரிகளைச் சர்வரின் பதிவேடு குறித்து வைத்திருக்கும். மாதம் ஒருமுறை அதைப் படித்தால், நம் ஆட்களின் பெயர்களை வெளியார் எப்படியெல்லாம் எழுதுகிறார்கள் என்று தெரிந்துவிடும். அடிக்கடி வரும் பிழையை மாற்றுப் பெயராகச் சேர்த்துவிடலாம். வெளியே அச்சிடும் விசிட்டிங் கார்டிலும் இன்வாய்ஸிலும் ஆள் பெயரைவிட வேலையின் பெயரில் முகவரி தருவது இன்னும் நல்லது. விற்பனை, கணக்கு, ஏற்றுமதி என்ற சொற்களை எழுதுவதில் யாரும் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. இத்தகைய பொது முகவரிகளுக்கு 1997இலேயே ஒரு வழிகாட்டி ஆவணம் வந்திருக்கிறது. ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற முகவரி எந்த அஞ்சல் டொமைனிலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது நெறிமுறையின் விதி.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கிட்டத்தட்ட ஒத்துப்போகும் பெயருக்குச் சர்வரே ஊகித்துக் கொடுத்துவிடட்டும் என்று சிலர் கேட்பதுண்டு. கூடவே கூடாது. தபால்காரரின் ஊகம் ஆளையும் தெருவையும் அறிந்த ஊகம். சர்வருக்குத் தெரிந்தது எழுத்துகள் மட்டும். செல்வியின் சம்பளச் சீட்டு செல்வத்துக்குப் போய்விட்டால் அதை யார் திரும்ப வாங்குவது? மாற்றுப் பெயரை மனிதர் ஒருவர் பார்த்து, இன்னாருக்கு என்று உறுதிசெய்த பிறகே சேர்க்க வேண்டும்.

வேலையை விட்டுப் போனவர்களின் முகவரி இன்னொரு பெரிய ஓட்டை. ஆள் போன அன்றே முகவரியை அழித்துவிடுவது ஒரு கோடி என்றால், ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பது மறுகோடி. மூன்று மாதம் போல அவருடைய பொறுப்பை ஏற்றவருக்கு அந்தக் கடிதங்கள் போகட்டும். ‘அவர் இப்போது இங்கே இல்லை, இனி இன்னாருக்கு எழுதுங்கள்’ என்ற பதிலும் போகட்டும். அதற்குப் பிறகு 550. பழைய முகவரியை அதே பெயரில் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுத்துவிடக் கூடாது. பழையவரின் வங்கிக் கடிதம், மருத்துவ அறிக்கை எல்லாம் புதியவர் கையில் வந்து விழும்.

வலப்பக்கம் பிசகினால் கதை வேறு. அந்த டொமைன் உலகத்திலேயே இல்லையென்றால் உடனே மறுப்பு வந்துவிடும், கவலையில்லை. டொமைன் இருந்து, அங்கே அஞ்சல் வாங்க ஆள் இல்லையென்றால் அனுப்பும் சர்வர் அதைத் தற்காலிகக் கோளாறு என்று கருதி வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். குறைந்தது நான்கைந்து நாட்கள் முயன்று பார்க்க வேண்டும் என்று நெறிமுறை பரிந்துரைக்கிறது. திங்கட்கிழமை அனுப்பிய கொட்டேஷன் வெள்ளிக்கிழமை திரும்பி வருவது இதனால்தான். டெண்டர் வியாழக்கிழமை முடிந்திருக்கும்.

பிழையான டொமைனை வேறொருவர் வாங்கி வைத்திருந்தால் ஆபத்து முற்றுகிறது. 2011இல் பீட்டர் கிம், கேரட் ஜீ என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள், அமெரிக்காவின் பெருநிறுவனங்களின் டொமைன் பெயரில் ஒரு புள்ளியை விட்டுவிட்டால் வரும் பெயர்களைப் பதிவுசெய்து காத்திருந்தார்கள். ஆறு மாதத்தில் சுமார் 1,20,000 மின்னஞ்சல்கள், 20 ஜிபி அளவில் வந்து சேர்ந்தன. யாரையும் ஏமாற்றி வாங்கியவை அல்ல. அனுப்பியவர்களின் விரல் பிசகியதால் தானாக வந்தவை. 2023 ஜூலையில் வெளியான இன்னொரு செய்தி: அமெரிக்க ராணுவத்தின் டொமைன் முடிவான ‘எம்-ஐ-எல்’லில் ‘ஐ’ எழுத்தை விட்டுவிட்டால் அது மாலி நாட்டின் முடிவாகிவிடுகிறது. மாலியின் டொமைன்களை நிர்வகித்து வந்த டச்சுக்காரர் யோகன்னஸ் ஸுர்பியர், அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து மட்டும் அப்படித் திசைமாறிய 1,17,000 கடிதங்கள் வரை சேர்த்து வைத்து, பல ஆண்டுகளாகவே எச்சரித்து வந்திருந்தார். அவ்வளவு பெரிய ராணுவத்தின் கடிதங்களே இப்படி என்றால், நம் டொமைனின் முடிவில் ‘டாட் இன்’னா ‘டாட் காம்’மா என்று குழம்பும் வாடிக்கையாளரை நாம் குறை சொல்ல முடியாது. வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவழித்து இரண்டையும், அடிக்கடி நேரும் ஒரு எழுத்துப்பிழையையும் நாமே பதிவுசெய்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு பக்கமும் சரியாக இருந்து, ஆள் மட்டும் மாறிப்போவதை எந்தச் சர்வராலும் தடுக்க முடியாது. இரண்டெழுத்து தட்டியதும் முழுப் பெயரையும் காட்டும் வசதிதான் இதற்கு முதல் காரணம். 2014இல் பிரிஸ்பேனில் நடந்த ஜி20 மாநாட்டுக்கு முன்னால், ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறை ஊழியர் ஒருவர் உலகத் தலைவர்களின் பாஸ்போர்ட் எண் முதலான விவரங்களை ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டி அமைப்பாளர் ஒருவருக்கு இப்படித்தான் அனுப்பிவிட்டார். கணினி காட்டிய பெயரைச் சரிபாராமல் விட்டதே காரணம்.

அனுப்பிய பிறகு திரும்பப் பெறும் வசதி இருக்கிறதே என்பார்கள். ஜிமெயிலில் அது அதிகபட்சம் 30 நொடி. அனுப்பாமல் நிறுத்தி வைத்திருக்கும் அவகாசம் மட்டுமே அது. அவுட்லுக்கின் ‘ரீகால்’ ஒரே நிறுவனத்துக்குள்தான் வேலை செய்யும். வெளியே போய்விட்டால் போனதுதான். கடிதத்தின் அடியில் ‘உங்களுக்கு உரியதல்ல என்றால் அழித்துவிடவும்’ என்று ஆங்கிலத்தில் பத்து வரி போடும் வழக்கமும் இருக்கிறது. படித்து முடித்தவர் கண்ணில் கடைசியாகப் படும் வரி அது. அதை நம்பிக்கொண்டு இருப்பதைவிட, தவறை உணர்ந்ததும் போனை எடுத்து “தவறி வந்துவிட்டது, தயவுசெய்து அழித்துவிடுங்கள்” என்று கேட்பது மேல். இன்னொருவர் கடிதம் நம்மிடம் வந்தால் நாம் செய்ய வேண்டியதும் அதேதான். அனுப்பியவருக்கு ஒரு வரி எழுதி, அழித்துவிட வேண்டும். சரியான ஆள் இவர்தான் என்று நாமே ஊகித்து அவருக்கு அனுப்பி வைப்பது உதவி போலத் தோன்றும். அந்த ஊகமும் தவறினால் கடிதம் மூன்றாவது கைக்குப் போய்விடும்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதையும் தொழில் செய்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் பிரிவு 13, ஒரு மின்னணு ஆவணம் எப்போது பெறப்பட்டதாகக் கருதப்படும் என்று சொல்கிறது. இந்தக் கணினி வளத்துக்கு, அதாவது இந்த மின்னஞ்சல் அமைப்புக்கு, அனுப்புங்கள் என்று நாம் குறிப்பிட்டிருந்தால், அதற்குள் நுழைந்த நேரமே பெற்ற நேரம். நாம் குறிப்பிடாத வேறொன்றுக்கு வந்திருந்தால், நாம் எடுத்துப் பார்த்த நேரம். எதையுமே குறிப்பிடாமல் இருந்தால், நம் கணினி வளத்துக்குள் நுழைந்த நேரமே கணக்கு. எங்கள் மாங்கூழ்க் கதையை இதில் பொருத்திப் பார்த்தேன். ஒப்பந்தத்தில் முகவரி எதையும் குறிப்பிடாத ஒரு நிறுவனம், தவறிய கடிதங்களை எல்லாம் கேட்ச்-ஆலில் வாங்கிப் போட்டுக்கொண்டால், ‘உங்கள் சர்வருக்குள் வந்துவிட்டது, ஆகவே நீங்கள் பெற்றுவிட்டீர்கள்’ என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைக்கிறது. வாசலில் மறுத்திருந்தால் அந்த வாதமே எழாது. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு முகவரியைக் குறித்து எழுதிவிடுவதால் எவ்வளவு சச்சரவு மிச்சம் என்று பாருங்கள்.

ஜிஎஸ்டியிலும் இதே பாடம். பதிவின்போது கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புவதையும் நோட்டீஸை உரியவரிடம் சேர்ப்பிக்கும் முறைகளில் ஒன்றாக ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 169 ஏற்கிறது. நம் பகுதியில் சிறு தொழில் செய்பவர்கள் பலர் பதிவின்போது ஆடிட்டரின் முகவரியையே கொடுத்திருப்பார்கள். பிறகு ஆடிட்டர் மாறியிருப்பார், முகவரி மாறியிருக்காது. நோட்டீஸ் எழுத்துப் பிழையில்லாமல், சட்டப்படி சரியாக, தவறான மனிதரிடம் போய்ச் சேரும். இதை வாசிக்கும் தொழில்முனைவோர் இன்றே போர்ட்டலில் நுழைந்து அந்த ஒரு கட்டத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தற்செயலாக வெளியிடப்படுவதையும் தரவு மீறல் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் தண்டத்தின் உச்சவரம்பு ₹250 கோடி. ஊழியர்களின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் சேர்ந்த எக்செல் கோப்பு தவறான செல்வராஜுக்குப் போவது இனி வெறும் கவனக்குறைவு என்ற அளவில் நின்றுவிடாது.

மாங்கூழ் ஆலைக்குத் திரும்புகிறேன். டிரம்களை இறக்கி லேபிளை மாற்றி ஏற்றினார்கள். பருவ நெரிசலில் அதற்கு ஆள் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்த வாரமே கேட்ச்-ஆலை நீக்கினேன். உள்ளே கிடந்த கடிதங்களை நானும் மேலாளரும் மட்டும் உட்கார்ந்து, அனுப்பியவரையும் தலைப்பையும் பார்த்துப் பிரித்தோம். ஊழியர்களின் சொந்தக் கடிதங்கள் என்று தெரிந்தவற்றைத் திறக்காமல் அவரவருக்கே சேர்த்தோம். கீதாவுக்கு நான்கு மாற்றுப் பெயர்கள் வைத்தோம். 550 மறுப்போடு சர்வர் அனுப்பும் வாசகத்தையும் மாற்றினேன். ‘மெயில்பாக்ஸ் இல்லை’ என்ற பழைய வரிக்குப் பதிலாக, ‘இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் இல்லை, எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்கவும், அவசரமென்றால் இந்த எண்ணில் அழைக்கவும்’ என்று எளிய ஆங்கிலத்தில் எழுதி, அலுவலகத் தொலைபேசி எண்ணைச் சேர்த்தேன்.

பத்து நாள் கழித்துக் காலையில், ரிசப்ஷனில் போன் அடித்தது. கப்பல் ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து ஒருவர். அனுப்பிய ஆவணம் திரும்பி வந்துவிட்டதாகவும், அதில் இந்த எண் இருந்ததாகவும் சொன்னார். கீதா ரிசீவரை வாங்கி, “ஜி, ஈ, ஈ, டி, ஹெச், ஏ” என்று ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.